கீழக்கரை உப்புக் காற்றில் ஒரு எம்340ஐ

கீழக்கரையில் கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கும் தெருவில் ஒரு பி.எம்.டபிள்யூ எம்340ஐ (M340i) கார் வைத்திருக்கிறேன். வளைகுடாவிலிருந்து விடுப்பில் வரும் பையன்கள் அதைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டுக் கேட்பது ஒன்றைத்தான் (அண்ணனை எங்கள் ஊரில் காக்கா என்போம்): "காக்கா, எவ்வளவு பவர் ஏற்றியிருக்கிறீர்கள்?" ஒரு குதிரைத்திறன்கூட ஏற்றவில்லை என்றால் முகம் வாடிவிடுகிறது. ஆனால் இந்தக் காரில் நான் செய்த மாற்றங்கள் ஏராளம், செலவும் குறைவல்ல. எல்லாம் காரின் அடியிலும், மட்கார்டுக்கு உள்ளேயும், வயரிங் முனைகளிலும் இருக்கின்றன. தொண்டி முதல் சாயல்குடி வரை இந்தக் கரையில் இப்படி ஒரு கார் வாங்கவோ மாற்றியமைக்கவோ ஆசைப்படுகிறவர்கள் முதலில் உப்பைப் பற்றி யோசிக்க வேண்டும், பவரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது என் உறுதியான கருத்து. அதை விளக்கமாகச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

துபாய் தேராவில் பல ஆண்டுகள் உதிரிபாகக் கடை நடத்தியவன் நான். கடைக்கு வந்த கார்களில் என் மனம் ஒட்டிக்கொண்டது ஸ்போர்ட்ஸ் செடான்களோடுதான். நான்கு கதவுகள், பின்னால் உம்மாவும் பிள்ளைகளும் கால் நீட்டி உட்கார இடம், டிக்கியில் பெருநாள் சாமான்கள், அத்தனையையும் சுமந்துகொண்டு ஸ்போர்ட்ஸ் காருக்கு இணையாக ஓடும் எஞ்சின். இந்த ஆசை புதிதல்ல. 1967-இல் ஹான்ஸ் வெர்னர் ஆஃப்ரெக்ட்டும் எர்ஹார்ட் மெல்ஷரும் தொடங்கிய ஏ.எம்.ஜி. என்ற நிறுவனம், மெர்சிடிஸ் 300 எஸ்.இ.எல். என்ற பெரிய சொகுசுக் காரின் எஞ்சினை 6.8 லிட்டராகப் பெருக்கி, 1971-இல் பெல்ஜியத்தின் ஸ்பா 24 மணி நேரப் பந்தயத்தில் ஓட்டி இரண்டாம் இடம் பிடித்தது. முதலாளிகள் பின்சீட்டில் பயணம் போகிற வண்டி அது. 1990-களின் தொடக்கத்தில் வந்த மெர்சிடிஸ் 500ஈ காரின் தயாரிப்பில் போர்ஷே ஆலைக்கே பங்கு இருந்தது. அந்தக் கார் ஒன்று எங்கள் கடை வாசலில் நின்றால் வேலையை நிறுத்திவிட்டுப் பார்ப்பேன்.

உதிரிபாகக் கடையில் உட்கார்ந்தால் கார்களின் நோய்கள் எல்லாம் தெரிந்துவிடும். 4 லிட்டர் வி8 எஞ்சின் கொண்ட பி.எம்.டபிள்யூ எம்3 செடான் நிமிடத்துக்கு 8,300 சுற்றில் 420 குதிரைத்திறன் தரும்; கேட்டால் உடல் சிலிர்க்கும். அதே எஞ்சினில் கனெக்டிங் ராடு பேரிங் தேய்ந்து மொத்த எஞ்சினையும் கெடுத்த கதைகள் உலகம் முழுவதும் உண்டு. மெர்சிடிஸ் சி63-இன் 6.2 லிட்டர் எஞ்சினில் அதன் மேல்பகுதியைப் பிடித்திருக்கும் ஹெட் போல்ட்டில் ஆரம்ப ஆண்டுகளில் வந்த பிரச்சினை இன்னொன்று. வாங்குவதற்கு முன் அந்த எஞ்சினுக்கு எது பலவீனம் என்று படித்துவிடுங்கள். பலவீனம் இல்லாத வேகக் கார் கிடையாது. உங்களால் அதைச் சமாளிக்க முடியுமா, அதற்கான பாகம் மதுரைக்காவது வந்து சேருமா என்பதுதான் கேள்வி.

துபாயில் ஓட்டிய காரையே ஊருக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று நினைக்கிற தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. அங்கே ஸ்டீரிங் இடப்பக்கம். பழைய காரை இறக்குமதி செய்ய நம் நாட்டு விதி வலப்பக்க ஸ்டீரிங்கைக் கேட்கிறது; மூன்று ஆண்டுகளுக்கு மேற்பட்ட கார் என்றால் அதற்கும் அனுமதி இல்லை. இவற்றைக் கடந்தாலும் சுங்க வரி கார் விலையை வெகுவாக ஏற்றிவிடும். இங்கேயே வாங்குவதுதான் வழி. நான் எம்340ஐ பக்கம் போனதற்குக் காரணமும் அதுதான். 2021 மார்ச்சில் 62.90 லட்சம் ஷோரூம் விலையில் வந்த இந்தக் கார் செங்கல்பட்டு பக்கத்து ஆலையில் கோர்க்கப்படுவது. மூன்று லிட்டர், வரிசையாக ஆறு சிலிண்டர், டர்போ. 387 குதிரைத்திறன், 500 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, நான்கு சக்கரங்களுக்கும் இழுவை. நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீட்டரை 4.4 விநாடியில் தொடும். இதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்? சென்னையில் ஒருவரிடமிருந்து பழைய காராகத்தான் வாங்கினேன்.

அவர் ஆசையாக வைத்திருந்த கார்தான். ஆனால் கீழே இறக்கும் ஸ்பிரிங், எஞ்சின் அறைக்குள் திறந்த நிலையில் ஒரு கூம்பு ஏர் ஃபில்டர், பெரிய சத்தம் போடும் எக்ஸாஸ்ட் எல்லாம் போட்டிருந்தார். அவர் வீடும் சென்னையில் கடற்கரைச் சாலைப் பக்கம். வாங்கிய கையோடு மதுரையில் லிப்ட்டில் ஏற்றிப் பார்த்தோம். அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டைக் கழற்றியதும் ஒரு கை நிறைய மணல் கொட்டியது. பார்க்கக் கடற்கரை மணல்போல இருந்தாலும் ஈரமாக, கட்டிகட்டியாக இருந்தது. முன்பக்க பம்பருக்குப் பின்னே ஒரு கனெக்டரை மெக்கானிக் மெதுவாகப் பிரித்தார். உள்ளே பித்தளை ஊசிகளைச் சுற்றிப் பச்சை மாவு பூத்திருந்தது. விரலால் தொட்டதும் ஒரு ஊசி அப்படியே உடைந்து வந்துவிட்டது. அவர் நிமிர்ந்து, "சார், மேலே பெயிண்ட் கண்ணாடி மாதிரி இருக்கிறது. கீழே பாருங்கள்" என்றார். முந்தைய உரிமையாளர் பெயிண்டின் மேல் செராமிக் கோட்டிங் என்ற காப்புப் பூச்சு போட்ட பில்லும் கோப்பில் இருந்தது. கோட்டிங் மேலே இருக்கும் பெயிண்டைக் காக்கும். உப்பு நுழைவது கீழேயிருந்து.

நம் கரையின் உப்பு சாதாரணமானதல்ல. காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், நாம் சிக்ரி என்கிறோமே, அது உலோகங்கள் அரிப்பதை ஆராய மண்டபத்தில்தான் மையம் வைத்திருக்கிறது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்துக்கு துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும், பாலிசிலாக்ஸேன் என்ற விசேஷப் பூச்சும், முழுக்கப் பற்றவைத்த இணைப்புகளும் கொடுத்திருக்கிறார்கள். இணைப்புகளை ஏன் பற்றவைக்கிறார்கள் என்பது கார்க்காரர்களுக்குப் பாடம். இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்த இடுக்கில்தான் உப்பும் ஈரமும் ஒளிந்துகொள்கின்றன. காரில் அந்த இடுக்குகள் எத்தனை! கதவின் அடி விளிம்பு, சக்கர வளைவின் உள்மடிப்பு, சஸ்பென்ஷன் கைகள் சேரும் இடம், பிரேக் குழாயைப் பிடித்திருக்கும் கிளிப்.

உப்புக்கு இன்னொரு குணமும் உண்டு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால், காய்ந்து கிடக்கும் சாப்பாட்டு உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். மழை பெய்ய வேண்டியதே இல்லை. பகலில் காரின் மேல் காய்ந்து வெள்ளையாகத் தெரியும் படலம், இரவு கடற்காற்றில் உப்புத் தண்ணீராக மாறி இரும்பைத் தின்கிறது. காலையில் மறுபடியும் காய்ந்துவிடுகிறது. ஆண்டு முழுவதும் இதுதான் நடக்கிறது. வைகாசிக்குப் பிறகு கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று எடுத்துவிட்டால் தென்கடல் பக்கமான நமக்கு நேர் வீச்சு. ஐப்பசிக்கு மேல் வாடைக்காற்று காலத்தில் தேவிபட்டினம், திருப்பாலைக்குடி, தொண்டி என்று வடகடல் பக்கத்துக்கு அதே பாடு.

இதற்கு என்ன செய்வது என்று எனக்குச் சொல்லித்தந்தவர் பாம்பனில் படகு எஞ்சின் பழுது பார்க்கும் ஒரு அண்ணன். தேராவில் இத்தனை ஆண்டுகள் இருந்தும் நான் தெரிந்துகொள்ளாததை அவருடைய பட்டறை வாசலில் தெரிந்துகொண்டேன். ஒரு அவுட்போர்டு எஞ்சினைத் தண்ணீர் நிறைந்த டிரம்மில் இறக்கி ஓடவிட்டுக்கொண்டிருந்தார். "தம்பி, கடலுக்குப் போய் வந்த எஞ்சினுக்கு நல்ல தண்ணீர் காட்டாமல் வைத்தால், அது நம்மை நடுக்கடலில் வைத்துக் கணக்குக் கேட்கும்" என்றார். பிறகு ஒரு வயர் முனையை எடுத்துக் காட்டினார். முதலில் காய்ந்த தூரிகையால் சுத்தம், பிறகு மின்தொடர்புக்கென்றே விற்கும் ஸ்பிரே, அது முழுவதும் ஆவியான பிறகு மேலே மெல்லிய சிலிக்கான் கிரீஸ், அதற்கு மேல் வெப்பத்தில் சுருங்கிப் பிடிக்கும் உறை. வரிசை மாறக்கூடாது, ஈரத்தின் மேல் கிரீஸ் தடவினால் ஈரத்தைப் பூட்டி வைத்ததாகிவிடும் என்று இரண்டு முறை அழுத்திச் சொன்னார். என் காரின் எர்த் முனைகள் அனைத்தையும், கைக்கு எட்டும் கனெக்டர்களையும் அவர் முறைப்படியே செய்திருக்கிறேன். அடிக்கடி எரிந்துகொண்டிருந்த எச்சரிக்கை விளக்குகள் அதோடு நின்றன. ஏர்பேக்கின் மஞ்சள் வயர்களை மட்டும் பயிற்சி பெற்றவரைத் தவிர வேறு யாரும் தொடக்கூடாது.

நல்ல தண்ணீர் காட்டு என்று சொல்வது எளிது. ராமநாதபுரம் மாவட்டத்தில் நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? போர் போட்டால் உவர்நீர். காவிரிக் கூட்டுக் குடிநீரைக் காரின் மேல் ஊற்ற எனக்கு மனம் வராது. தெருவில் பெண்கள் குடத்தோடு நிற்கும் ஊர் இது. அதனால் நான் கண்ட வழி இரண்டு. ஒன்று, வீட்டு ஏ.சி.களிலிருந்து சொட்டும் நீரை ஒரே டிரம்மில் சேர்ப்பது. நம் ஊர்ப் புழுக்கத்தில் ஒரு இரவுக்கே வாளி நிறைந்துவிடுகிறது. அதில் கரைந்த உப்பு மிகமிகக் குறைவு; கண்ணாடியில் காய்ந்தாலும் புள்ளி விழாது. ஆர்.ஓ. கருவி வெளியே தள்ளும் கழிவு நீரை மட்டும் பயன்படுத்தாதீர்கள், அதில் உப்பு திரண்டிருக்கும். இரண்டாவது வழி, முண்டு மிளகாய்க்கு மருந்தடிக்கும் முதுகுத் தெளிப்பான். மருந்து படாத புதிய தெளிப்பான் ஒன்றைக் காருக்கென்றே வாங்கிவிட்டேன். அதன் நீண்ட குழல் காருக்கு அடியில் நன்றாக நுழைகிறது. ஒரு தெளிப்பான் தண்ணீரில் நான்கு சக்கர வளைவுகள், சஸ்பென்ஷன் கைகள், ரேடியேட்டர் முகம் எல்லாவற்றையும் கழுவிவிடலாம். காரின் மேல்பக்கத்தை வழக்கம்போல் ஷாம்பு போட்டு எப்போது வேண்டுமானாலும் கழுவிக்கொள்ளுங்கள். அடிப்பக்கத்துக்கு வாரம் ஒருமுறை தவறக்கூடாது. தனுஷ்கோடி போய் வந்தால் அன்றைக்கே.

தனுஷ்கோடி என்றதும் சொல்ல வேண்டியது இருக்கிறது. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 2017-இல் திறந்த அந்தச் சாலையில் இரண்டு பக்கமும் கடல். கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் அங்கே நிறுத்திப் படம் எடுக்க ஆசை. எடுங்கள். ஆனால் ஒரு மணி நேரம் நின்ற காரின் முன்கண்ணாடியில் விரலை இழுத்துப் பாருங்கள். நெய் தடவியதுபோல் ஒரு கோடு விழும். அவ்வளவு உப்பும் அதே நேரத்தில் ரேடியேட்டருக்கு முன்னே இருக்கும் ஏ.சி. கண்டென்சரின் மெல்லிய அலுமினியத் தகடுகளிலும் படிகிறது. அலுமினியத்தின் மேல் இயற்கையாக இருக்கும் ஆக்சைடு தோலைக் குளோரைடு குத்தித் துளைக்கும், வெள்ளை மாவு பூக்கும், ஒருநாள் ஏ.சி. வாயு கசிந்துவிடும். கண்டென்சரை மெதுவாகத்தான் கழுவ வேண்டும், வேகமாகப் பீய்ச்சினால் தகடுகள் வளைந்துவிடும். வைப்பரையும் காய்ந்த கண்ணாடியில் ஓடவிடாதீர்கள். சாலையில் காற்று கொண்டுவந்து போட்ட மணல் திட்டில் 255 மி.மீ. அகல டயர் படகுபோல் மிதக்கும். நான்கு சக்கர இழுவை இருக்கிறது என்ற தைரியம் பிரேக் பிடிக்கும்போது உதவாது.

அடிப்பகுதிக்குத் தார்போல் கறுப்பாக ரப்பர் கோட்டிங் அடித்துத் தருவதாகப் பல இடங்களில் சொல்வார்கள். அழுக்கின் மேலும் துருவின் மேலும் அடித்தால் அது துருவுக்குப் போர்வை. ஓரத்தில் ஒரு விரிசல் விழுந்தால் போதும், உள்ளே நடப்பது வெளியே தெரியாது. நான் மெழுகு வகைப் பூச்சையும், ஆட்டு ரோமக் கொழுப்பிலிருந்து எடுக்கும் லேனோலின் பூச்சையும் பயன்படுத்துகிறேன். கழுவி, நல்ல வெயிலில் சில நாள் காயவிட்டு, பிறகு அடிக்க வேண்டும். கதவுகளுக்குள்ளும், கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டிப் பகுதிக்குள்ளும் நீண்ட குழாய் விட்டு அடிக்க வேண்டும். கதவின் அடியில் தண்ணீர் வடியும் ஓட்டைகளை மட்டும் அடைத்துவிடக்கூடாது. ஆண்டுக்கு ஒருமுறை கச்சான் காற்றுக்கு முன் புதுப்பிக்கிறேன். ஒவ்வொரு சர்வீஸிலும் அடித் தட்டைக் கழற்றி மணலைக் கொட்டச் சொல்லுங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள்.

கார் கவர் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வேதனையாக இருக்கும். நம் காற்றில் கவருக்குள் மணல் போகாமல் இருக்காது. காற்றில் கவர் அடித்துக்கொள்ளும்போது பெயிண்டை அரம் போட்டுவிடும். உள்ளே ஈரமும் தங்கும். கூரை இருக்கட்டும், பக்கங்களில் காற்று ஓடட்டும். கதவு மூடிய கராஜ் இருந்தால் ஒரு ஈரம் உறிஞ்சும் கருவியை உள்ளே வைக்கலாம். அந்த நீரையும் டிரம்மில் சேர்க்கலாம்.

இனி சஸ்பென்ஷன். முந்தைய உரிமையாளர் போட்ட ஸ்பிரிங்கில் உம்மா ஒருமுறை ராமநாதபுரம் வரை வந்தார்கள். முழங்கால் வலிக்காரர். "இந்த வண்டியில் இனி என்னைக் கூப்பிடாதே வாப்பா" என்று மெல்லச் சொன்னார்கள். மறுவாரம் கம்பெனி ஸ்பிரிங் திரும்ப வந்துவிட்டது. உம்மாவுக்காக மட்டும் அல்ல. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஊருக்கு ஊர் வேகத்தடை. பல இடங்களில் வெள்ளைக்கோடு அழிந்து கிடக்கும். உயரத்தைச் சரிசெய்யும் காயில்ஓவர் என்ற சஸ்பென்ஷன் போட்டே தீர வேண்டும் என்பவர்கள் துருப்பிடிக்காத எஃகு உடல் கொண்டதாகப் பார்த்து வாங்குங்கள். துத்தநாகம் பூசிய எஃகு மரையில் அலுமினிய வளையம் உட்கார்ந்தால், நம் ஊரில் இரண்டு உலோகங்களுக்கு நடுவே உப்புநீர் மின்கலமே உருவாகிவிடும், வளையம் இறுகிப்போகும், உயரத்தை மாற்ற வாங்கியதை மாற்றவே முடியாது. எந்தப் போல்ட்டைக் கழற்றினாலும் இறுகாமல் காக்கும் பசையைத் தேவையான இடத்தில் தடவிப் போடச் சொல்லுங்கள். பசை தடவினால் அதே முறுக்கு அளவில் போல்ட் அதிகமாக இறுகும் என்பதால் வீல் போல்ட்டின் மரையில் மட்டும் கம்பெனி சொன்னபடிதான்.

வீல் விஷயத்தில், டயமண்ட் கட் என்று முகத்தைச் சீவி வார்னிஷ் அடித்த வீல் அழகுதான். ஒரு கல் பட்டு வார்னிஷ் உடைந்தால் அங்கிருந்து வெள்ளை நரம்புகள் உள்ளே ஓடும். முழுவதும் பெயிண்ட் அல்லது பவுடர் கோட்டிங் செய்த வீல் நமக்கு ஏற்றது. 18 அங்குலத்துக்கு மேல் போகாதீர்கள். பின்சக்கரத்தில் முன்சக்கரத்தைவிட அகலமான டயர் என்பதால் இடம் மாற்றிப் போட வழியில்லை. நான்கு சக்கர இழுவை என்பதால் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஏறக்குறைய ஒரே தேய்மானத்தில் நான்கும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் தேயும். ஒரு செட் லட்ச ரூபாய்க்கு மேல் ஆகும், அதை வாங்கும்போதே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். என் காரில் ஸ்டெப்னி இல்லை. பஞ்சர் கிட்டும், காற்றடிக்கும் சிறு பம்பும் டிக்கியிலேயே இருக்கட்டும்.

பிரேக் டிஸ்க் வார்ப்பிரும்பு. இரவு நின்றால் காலையில் செம்பழுப்பாக இருக்கும். தெருமுனை வருவதற்குள் நான்கு முறை மெதுவாகப் பிடித்தால் போய்விடும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது, ஊரில் விட்டுவிட்டு மாதக்கணக்கில் வெளிநாடு போகிறவர்களின் கார். கழுவிய ஈரத்தோடு ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தினால் பேட் டிஸ்க்கோடு ஒட்டிக்கொள்ளும். கழுவிய பிறகு ஒரு சுற்று ஓட்டிப் பிரேக்கைக் காயவைத்து, சமதளத்தில் பார்க் கியரில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். பேட்டரிக்குச் சார்ஜர் மாட்டுங்கள். டாங்க்கை நிரப்பி வையுங்கள். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள், அது ஈரத்தை இழுக்கும், காலி டாங்க்கில் ஈரக் காற்றுக்கு இடம் அதிகம். வாரம் ஒருமுறை எஞ்சினை எழுப்பி இரண்டு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தச் சொல்வதில் பயனில்லை, சைலன்சருக்குள் நீர்தான் சேரும். ஓட்டினால் எண்ணெய் நன்றாகச் சூடாகும் வரை, ராமநாதபுரம் போய்த் திரும்பும் தூரமாவது ஓட்ட வேண்டும். நம்பிக்கையான மச்சான் ஒருவரிடம் சாவி இருந்தால் நல்லது.

இப்போது பவர். இந்த எஞ்சினுக்குள் இன்னும் நிறைய இருக்கிறது என்பது உண்மை. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யூ.வின் மென்பொருளை மாற்றினாலே ஐம்பது, அறுபது குதிரைத்திறன் கூடும். 2020 நடுப்பகுதிக்குப் பிறகு செய்த கார்களின் ஈ.சி.யூ. பூட்டி வருகிறது, திறந்து எழுத ஆகும் செலவு தனி. எழுதியது சர்வீஸில் தெரிந்துவிடும், வாரண்டி பேச்சு அதோடு முடியும். ஆனால் நான் கை வைக்காததற்குக் காரணம் வெப்பமும் பெட்ரோலும். டர்போ அழுத்திய காற்று சூடாகும். அதைக் குளிர்விக்க இந்த எஞ்சினில் தனி நீர்ச் சுற்று இருக்கிறது. சித்திரை மதியம் பரமக்குடி தாண்டி வரும்போது அந்த நீரே சூடாகிவிடும். உள்ளே போகும் காற்று சூடானால் பெட்ரோல் கண்டபடி தானே பற்றிக்கொண்டு எஞ்சின் தட்டத் தொடங்கும் என்பதால் ஈ.சி.யூ. தானாகவே பொறி விழும் நேரத்தைப் பின்தள்ளி பவரைக் குறைக்கிறது. காகிதத்தில் 450 குதிரைத்திறன் எழுதிக்கொண்டாலும், நம் வெயிலில் அந்த மதியத்தில் அது கிடைக்காது. அப்படித் தட்டாமல் தாங்கும் 100 ஆக்டேன் பெட்ரோலை இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் அறிமுகப்படுத்தியது, ஆனால் அது பெருநகரத்துச் சரக்கு. நம் பக்கத்தில் 95 ஆக்டேனையே விசாரித்துக்கொண்டு போய்த்தான் போட வேண்டும். மென்பொருள் மாற்றியே ஆக வேண்டும் என்பவர், ஊரில் கிடைக்கும் பெட்ரோலுக்கு ஏற்றபடி எழுதித் தரச் சொல்ல வேண்டும். பெருநகரப் பெட்ரோலுக்கு எழுதியதைப் போட்டுக்கொண்டு சாயல்குடியில் டாங்க் நிரப்பக்கூடாது.

கூம்பு ஃபில்டரை முதல் நாளே எடுத்துவிட்டேன். எஞ்சின் அறையின் சூட்டையும், நுண்மணலையும், உப்பையும் வாரிக் குடிக்கும் பொருள் அது. கம்பெனி பெட்டியும் காகித ஃபில்டரும் போதும், மாற்றும் கால இடைவெளியைப் பாதியாக்கிவிடுங்கள். அதற்குச் செலவழிக்க நினைத்த பணத்தில் குளிர்நீர், பிளாஸ்டிக் குழாய்கள், பிரேக் திரவம் மூன்றையும் நேரத்துக்கு மாற்றுங்கள். பிரேக் திரவம் ஈரத்தை உறிஞ்சும். கடற்கரையில் இரண்டு ஆண்டு தாண்ட விடவே கூடாது.

எக்ஸாஸ்ட்டில் சத்தம் வேண்டும் என்பவர்களுக்குச் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை அறுத்து எடுப்பது காற்றையும் கெடுக்கும் குற்றம். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் செய்த மாற்றம், க்ளெய்மை மறுக்க நாமே எடுத்துக் கொடுக்கும் காரணம். அதனால் எனக்கு வந்த காரின் சைலன்சரையும் பழைய கம்பெனிச் சைலன்சருக்கே மாற்றினேன். கழற்றியதைப் பார்த்தபோது பற்றவைத்த ஓரமெல்லாம் துருப்பிடித்து உதிர்ந்தது, துருப்பிடிக்காத எஃகு என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். படகுக்காரர்கள் 316 தர எஃகைத்தான் நம்புவார்கள். பரவலாக விற்கும் 304 தரத்துக்கே இந்தக் காற்றில் பழுப்புக் கறை விழும். சத்தமில்லாமல் இருப்பது ஊருக்கும் நல்லது. எங்கள் சந்துகளில் சுவருக்குச் சுவர் நான்கு கை தூரம். உள்ளே தொட்டிலில் பிள்ளை தூங்கும்.

அப்படியானால் இந்தக் காரின் வேகத்தை எங்கே அனுபவிப்பது? தேசிய நெடுஞ்சாலை 87-இல் மதுரையிலிருந்து பரமக்குடி வரை நான்கு வழி. பரமக்குடி–ராமநாதபுரம் பகுதியை நான்கு வழியாக்க 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்திருக்கிறது. நான்கு வழியிலும் காருக்கு 100 கிலோமீட்டர்தான் வரம்பு. அந்த வரம்புக்குள்ளும் இந்தக் கார் இனிமைதான்: லாரியைக் கடக்க நினைத்தால் நினைத்த கணத்தில் கடந்துவிடுகிறது, இரு வழிப் பகுதியில் எதிர்ச்சாரியில் தங்கும் நேரம் குறைகிறது. ராமேசுவரம் சாலையில் பாதயாத்திரைக்காரர்கள், ஆடுகள், ஆடி அமாவாசை, தை அமாவாசைக் கூட்டம் என்று எப்போதும் மனிதர்கள் இருப்பார்கள். அங்கே ஆக்சிலேட்டரை அழுத்துகிறவனை நான் கார் பிரியனாக மதிக்கமாட்டேன். அழுத்த வேண்டுமானால் இருங்காட்டுக்கோட்டை, கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வே என்ற பந்தயத் தடங்கள் இருக்கின்றன. ஆட்கள் ஏற்பாடு செய்யும் டிராக் நாட்களில் பணம் கட்டி, ஹெல்மெட் போட்டு, முழு 500 நியூட்டன் மீட்டரையும் ஒருமுறை வாங்கிப் பாருங்கள். மூன்றாவது வளைவிலேயே நம் ஓட்டுதலின் அளவு நமக்குத் தெரிந்துவிடும். பவர் ஏற்றுவதற்குச் சேர்த்த பணத்தை நல்ல டயருக்கும் ஓட்டுநர் பயிற்சிக்கும் கொடுத்தால் கார் வேகமாகும்.

இன்ஷூரன்ஸில் எஞ்சின் பாதுகாப்பையும், சாலையோர உதவியையும் சேர்த்து எடுங்கள். உதவிக்கு அழைக்கும்போதே, நான்கு சக்கரமும் தரையில் படாமல் ஏற்றும் தட்டு வண்டிதான் வேண்டும் என்று சொல்லுங்கள். முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு இழுத்துப்போனால் நான்கு சக்கர இழுவைக் கார் கெட்டுவிடும். மதுரை நூறு கிலோமீட்டருக்கு மேல். முன்கூட்டியே ஒரு தட்டு வண்டிக்காரரின் எண்ணை வாங்கி வைத்திருப்பது என் பழக்கம்.

பழைய காராக வாங்கப் போகிறவர்கள் பகலில் போங்கள். சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் மெல்ல நம் பக்கம் இறங்கி வருகின்றன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், மண் கறை கோடாக நிற்கும். டிக்கியின் அடித்தரையைத் தூக்குங்கள். இந்தக் காருக்குப் பேட்டரி பின்னால்தான், அந்தக் குழியில் ஈரமோ வெள்ளைப் பூப்போ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். முன்சீட்டை நகர்த்திவிட்டு அதன் போல்ட் தலைகளைப் பாருங்கள். பிறகு லிப்ட்டில் ஏற்றி அடித் தட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். அந்தக் கூலியை நான் தருகிறேன் என்று சொல்லியும் விற்பவர் தயங்கினால், எத்தனை லட்சம் குறைத்துக் கொடுத்தாலும் அந்தக் காரை விட்டுவிட்டு பஸ்ஸில் ஊர் திரும்புங்கள்.